மார்க்கம் என்பது என்ன? நமது விண்ணப்பப் படிவம் சொல்வது என்ன?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அதில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்டும் விட்டார்கள். "மதமும் சமுதாயமும்" என்ற தலைப்பில் பேசும்படி தலைவர் அவர்கள் நம்மைப் பணித்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கேட்டவர்களும் பேசியவரும் எந்தச் சேதமும் இல்லாமல் வீடு திரும்பிவிடலாம். அப்படித்தான் பேசலாம் என்று இருந்தோம். ஆனால் நமது அலுவலக மேசையில் கிடந்த ஒரு விண்ணப்பப் படிவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் சொல். 'மதம்' என்பது வடமொழியிலிருந்து வந்தது. கருத்து, கொள்கை என்பது அதன் பொருள். (மதம் பிடித்த யானையை இந்த இடத்தில் மேடைக்கு இழுத்து வருகிறவர்கள் உண்டு. அது வேறு மதம். நமக்கு அந்த யானை வேண்டாம்.) தமிழ் முஸ்லிம்களாகிய நாம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் புழங்குகிற சொல் 'மார்க்கம்'. வழி. கருத்து தலைக்குள் இருந்தால் போதும். வழி என்றால் நடக்க வேண்டும். நடக்கிறவன் எதிரில் வருகிறவனைச் சந்தித்தே தீர வேண்டும். குர்ஆன் ஆள்கிற சொல் 'தீன்'. மத்ரஸாவில் ஸர்ஃப் ஓதியவர்களுக்குத் தெரியும், 'தைன்' என்றால் கடன். இரண்டு சொற்களுக்கும் வேர் எழுத்துக்கள் ஒன்றுதான். ஃபாத்திஹாவில் நாம் தினமும் ஓதுகிற தீனுடைய நாள், கணக்குத் தீர்க்கப்படும் நாள். ஆக, நமது சொல்லுக்குள்ளேயே ஒரு பாக்கி இருக்கிறது. படைத்தவனுக்கும் பாக்கி, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பாக்கி.

திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் நாம் படித்த காலத்தில் சமூகவியல் படிக்கும் நண்பர் ஒருவர் விடுதியில் நம்முடன் தங்கியிருந்தார். எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரை அவர் வாயிலாகத்தான் முதலில் கேட்டோம். 1912இல் மதத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. புனிதமானவை என்று ஒதுக்கப்பட்டவற்றைப் பற்றிய நம்பிக்கைகளும் செயல்களும் சேர்ந்து, அவற்றை ஏற்பவர்களை ஒரே அறச் சமுதாயமாகக் கட்டுகின்றன, அதுவே மதம் என்பது அவருடைய முடிவு. இதைக் கேட்டபோது நமக்கு இரண்டு மனது. அல்லாஹ்வை விட்டுவிட்டு மதத்தை எப்படி விளக்க முடியும் என்ற கோபம் ஒன்று. ஆனால் மையவாடியும் நிக்காஹ் தஃப்தரும் நோன்புக் கஞ்சி அண்டாவும் இல்லாத ஒரு முஸ்லிம் ஊரை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா என்ற கேள்வி மற்றொன்று.

துர்க்கைமுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முன்பே நம்மவர் ஒருவர் இதைத் தொட்டிருக்கிறார். துனீஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன். 1377இல் எழுதிய தமது முகத்திமாவில் 'அஸபிய்யா' என்ற ஒன்றைப் பற்றி அவர் விரிவாகப் பேசுகிறார். கூட்டப் பற்று, இனக்கட்டு என்று சொல்லலாம். மார்க்க அழைப்பு அந்தக் கட்டுக்குப் பன்மடங்கு வலிமை தரும். அதே சமயம் கட்டு எதுவும் இல்லாத இடத்தில் மார்க்க அழைப்பும் வெற்றி பெறாது என்கிறார். ஆழமான பார்வை. ஆனால் இதே 'அஸபிய்யா' என்ற சொல்லைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது என்ன என்று கேட்கப்பட்டபோது, அநீதியில் தன் கூட்டத்துக்குத் துணை நிற்பதுதான் அது என்று விளக்கினார்கள். கட்டு வேண்டும். கட்டு எதற்கு என்பதுதான் கேள்வி.

நமதூரில் இந்தக் கட்டு எப்படி இருக்கிறது? ஜமாஅத்தின் கையெழுத்து இல்லாமல் ஒரு நிக்காஹ் நடக்காது. வெளியூரில் பெண் எடுக்க வேண்டும் என்றால் ஜமாஅத் கடிதம் வேண்டும். மவுத்தானால் குழி வெட்டச் சொல்ல வேண்டியதும் ஜமாஅத்திடம்தான். இது பெரிய பாதுகாப்பு. நகரத்தில் எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வாழ்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு வீட்டில் மவுத் என்றால், ஃபஜ்ருக்கு முன்னால் கஃபன் துணி வந்து சேர்ந்துவிடுகிற ஊர் நமது ஊர். அதே கையெழுத்து, சந்தா பாக்கிக்காகவும் பழைய பகைக்காகவும் மறுக்கப்பட்டதையும் இங்கே இருக்கிற பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஊர் விலக்கு என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படாதவர்கள் இந்தச் சபையில் சிலர் இருக்கிறார்கள்.

சமுதாயம் மார்க்கத்தைத் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வதும் உண்டு. மார்க்கம் மஹரைக் கடமையாக்கியது. மணமகன் கொடுக்க வேண்டும். சமுதாயம் கைக்கூலியை உண்டாக்கியது. பெண்ணைப் பெற்றவர் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே மேடையில், ஒரே துஆவுடன் நடந்தன. லட்சங்களில் வாங்கிக்கொண்டு, நூற்றியோரு ரூபாயை மஹராக தஃப்தரில் எழுதிய திருமணங்களுக்கு நாமே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்போது அது தவறாகத் தெரியவில்லை, ஊர் வழக்கமாகத் தெரிந்தது. பிற்காலத்தில் பல ஊர்களில் ஜமாஅத்துகள் கைக்கூலித் திருமணங்களுக்குத் தஃப்தர் தருவதில்லை என்று முடிவெடுத்தன. கல்யாணங்கள் நின்றுபோகும் என்று பயந்தார்கள், நின்றுபோகவில்லை. மறைவாக வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருந்தாலும் மறைக்க வேண்டியது அது என்ற நிலையாவது வந்ததே.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறோம்.

நமது கல்வி உதவி விண்ணப்பத்தில் ஏழாவது வரி, "மஹல்லா ஜமாஅத்தின் பரிந்துரை". எட்டாவது வரி, "விண்ணப்பதாரர் ஐவேளைத் தொழுகையைப் பேணுபவரா?" இந்த இரண்டு வரிகளும் எப்போது சேர்க்கப்பட்டன என்று பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். நாம் இணைச் செயலாளராக இருந்தபோது சேர்க்கப்பட்டவை. முன்மொழிந்தவர் நாம்தான். உதவி நல்ல கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், பிள்ளைகளுக்குத் தொழுகையில் ஆர்வம் வர வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தோம். நிய்யத்தில் குறை இல்லை என்று இன்றும் நம்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். தலாக்கும் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை. அந்தப் பெண்மணி இடியாப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுத்துப் பிழைத்து வந்தார். மகன் பிளஸ் ஒன் முடித்திருந்தான். மறு ஆண்டுக் கட்டணத்துக்குக் கேட்டார். ஏழாவது வரி காலியாக இருந்தது. அவருடைய கணவர் பெயரில் பல ஆண்டுச் சந்தா பாக்கி இருந்ததால் அவருடைய மஹல்லாவில் கையெழுத்துப் போடவில்லை. எட்டாவது வரியில் அந்தப் பையன் தன் கையாலேயே "சில நேரம்" என்று எழுதியிருந்தான்.

உண்மையை எழுதியிருந்தான். "ஆம்" என்று எழுதிய எத்தனையோ பிள்ளைகளை நமக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேரை ஃபஜ்ரில் பார்த்திருக்கிறோம் என்பதும் தெரியும். ஃபஜ்ர் நேரத்தில் அந்தப் பையன் இடியாப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு தாய்க்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான் என்பது எங்கள் குழுவில் இரண்டு பேருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் இடியாப்பம் போகிறது. இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. "பரிந்துரை இணைக்கப்படவில்லை" என்று எழுதி ஒதுக்கி வைத்தோம். அந்த எழுத்து நம்முடையது. நிராகரித்துவிட்டோம் என்றுகூட நினைக்கவில்லை. கையெழுத்து வாங்கி வந்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அந்தத் தாய் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தபோது, இலை போட வந்த பையன் ஸலாம் சொன்னான். "மாமா, எங்களைத் தெரியுதா?" என்றான். தெரிந்தது. உம்மா நலம் என்றான். தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறாள், அவளுக்கு இவன்தான் பணம் அனுப்புகிறான். ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கவும் விடவில்லை. "தொழுகிறாயா தம்பி?" என்ற கேள்வி வழக்கப்படி நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்பதற்கு அன்று நமக்கு என்ன தகுதி இருந்தது? விழுங்கிக்கொண்டோம்.

ஊர் திரும்பிய அன்று மஃக்ரிபில் இமாம் ஓதியது சூரா அல்மாஊன். ஏழே வசனங்கள். சிறு வயதில் மனனம் செய்தது, எத்தனை ஆயிரம் முறை தொழுகையில் ஓதியிருப்போமோ! தீனைப் பொய்யாக்குகிறவன் யார் என்று அந்த சூரா கேட்கிறது. நம்மைப் போன்றவர்கள் எதிர்பார்க்கிற பதில், இறை மறுப்பாளன் என்பதாக இருக்கும். குர்ஆன் காட்டுவது அநாதையை விரட்டுகிறவனை. ஏழைக்கு உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவனை. பிறகு பேச்சு தொழுகையாளிகள் பக்கம் திரும்புகிறது. தொழுகையில் கவனமில்லாமல், பிறர் பார்ப்பதற்காகச் செய்து, மாஊனைக் கொடுக்காமல் தடுத்து வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கேடு என்று எச்சரிக்கிறது. மாஊன் என்றால் என்ன? வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்து வாங்குகிற சட்டி, வாளி, கோடரி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஜகாத்தைக் குறிக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. மதம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நாம் எந்தச் சமூகவியல் நூலிலும் படித்ததில்லை. அதில் தொழாதவனுக்கு வந்த எச்சரிக்கையைவிட, தொழுகிற நமக்கு வந்த எச்சரிக்கைதான் அன்று காதில் விழுந்தது.

இந்த இரண்டு வரிகளையும் நீக்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசியபோது எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் நல்லவர்கள், நம்மைவிட அதிகம் கொடுத்தவர்கள். "தொழுகையை விட்டவனுக்கும் தொழுகிறவனுக்கும் வித்தியாசமே இல்லையா? அப்படியானால் இது முஸ்லிம் அறக்கட்டளை என்பதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததைப் பார்ப்போம். மிஸ்தஹ் என்று ஓர் ஏழை உறவினர். பத்ருப் போரில் கலந்துகொண்டவர். அவருடைய செலவை அபூபக்ர் (ரலி) அவர்கள்தான் ஏற்றிருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது இந்த மிஸ்தஹும் அதைப் பேசித் திரிந்தார். யாருடைய சோற்றைத் தின்றாரோ அவருடைய மகளைப் பற்றி! அன்னையின் தூய்மையை அல்லாஹ் அறிவித்த பிறகு, இனி இவருக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். நம்மில் யார்தான் செய்ய மாட்டோம்? ஆனால் சூரா அந்நூரின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதி உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் ஹிஜ்ரத் செய்தவருக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்துவிடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்ற கருத்தில். அபூபக்ர் (ரலி) அவர்கள் விரும்புகிறேன் என்று சொல்லி, உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். மிஸ்தஹ் செய்தது சிறிய பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கான தண்டனை தனி. அவருடைய பசி தனி.

இன்னொன்று சூரா அல்பகராவின் 272ஆம் வசனம். இணைவைப்பில் இருந்த தங்கள் உறவினருக்குத் தர்மம் கொடுக்க முஸ்லிம்கள் சிலர் தயங்கியபோது இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிப்பு உண்டு. அவர்களை நேர்வழியில் சேர்ப்பது நபியே உம் பொறுப்பல்ல, அல்லாஹ்வின் நாட்டம் என்கிறது அந்த வசனம். உமர் (ரலி) அவர்கள் கண் தெரியாத ஒரு யூத முதியவர் பிச்சை கேட்பதைப் பார்த்து வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொடுத்து, பிறகு அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் சொன்னதை இமாம் அபூயூசுஃப் தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார். நுபுவ்வத்துக்கு முன் மக்காவில், வெளியூர் வியாபாரி ஒருவரின் பொருளை வாங்கிவிட்டுக் காசு தர மறுத்த பெரிய மனிதருக்கு எதிராக ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். இளைஞராக இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும் அதற்காக அழைக்கப்பட்டால் போவேன் என்றார்கள். அதில் கலந்துகொண்ட மற்றவர்கள் யார்? அன்றைய குறைஷிகள்தான்.

நாமும் நெருக்கடி வந்தபோது இப்படி நடந்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. கொரோனா காலத்தில் சொந்தப் பிள்ளைகளே தொடத் தயங்கிய உடல்களை நமது இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து எடுத்துச் சென்று, இறந்தவரின் சமய முறைப்படி அடக்கமோ தகனமோ செய்தார்கள். அந்த உடல்களிடம் ஏழாவது வரியை யாரும் கேட்கவில்லை. 'சமயம்' என்ற சொல்லுக்குத் தக்க நேரம் என்றும் பொருள் உண்டு. சமயத்தில் உதவினார் என்கிறோமே, அப்படி. வெள்ளம் வந்தால் சமயத்தில் நிற்கிற நாம், வெள்ளம் வடிந்ததும் படிவத்தை எடுத்துக்கொள்கிறோம்.

இனி நடைமுறைக்கு. ஃபிக்ஹை ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை. ஜகாத் தனிக் கணக்கு. சூரா அத்தவ்பாவின் 60ஆம் வசனம் சொல்கிற எட்டு வகையினருக்கு மட்டுமே அது போகும். அதை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. அதில் மாற்றம் இல்லை. அந்த எட்டில் ஏழை இருக்கிறார், கடனாளி இருக்கிறார். தொழுகைச் சான்றிதழ் என்ற ஒன்பதாவது நிபந்தனையை நாம்தான் ஒட்டவைத்தோம். ஸதகாவும் பொது நன்கொடையும் வேறு கணக்கு. அதிலிருந்து நமது தெருக்களில் குடியிருக்கும் எந்தச் சமயப் பிள்ளைக்கும் கொடுக்கத் தடை இல்லை என்று ஹஸ்ரத் அவர்கள் எழுத்து மூலம் தந்திருக்கிறார்கள்.

விசாரிக்க வேண்டாமா என்றால், வேண்டும். போலி வருமானச் சான்றிதழோடு வருகிறவர்கள் உண்டு. மாடி வீட்டு வாடகை வாங்கிக்கொண்டே ஏழை என்று எழுதியவரும் உண்டு. தேவையை விசாரிப்போம், வீட்டுக்குப் போய், பெண் உறுப்பினர்களைக் கொண்டு விசாரிப்போம். தேவைக்கு அப்பால் விசாரிக்க மாட்டோம். பையன் தொழ வேண்டும் என்ற ஆசை நமக்கு இருந்தால் அவன் தோளில் கை போட்டுப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போகலாம். காசோலையைக் காட்டிக் கூப்பிட்டால் அவன் வருவது காசோலைக்கு.

கூடவே இன்னொரு சிறிய தீர்மானம். உதவி பெறுகிறவர்களை மேடையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதையும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறோம். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கப் பார்க்கிற சகோதரிகளின் படங்களை இந்த இதழிலேயே நாம் வெளியிட்டிருக்கிறோம். கொடுக்கிறவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சரி. ரசீதும் தணிக்கை அறிக்கையும் அதற்குப் போதும்.

அந்தப் பையனுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஆள் அனுப்பினோம். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத விருப்பம் இருந்தால் கட்டணமும், படிக்கிற மாதங்களுக்கு வீட்டுச் செலவும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். அவனுடைய தங்கைக்கான விண்ணப்பம் நிரப்பப்பட்டுவிட்டது. அதற்காக நாமே அந்த வீட்டுக்குப் போனோம். அந்தத் தாய் நம்மை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாமும் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தோம், வாய் வரவில்லை. இங்கே அவர் வரவில்லை என்று நினைக்கிறோம். வந்திருந்தால் திரைக்கு அப்பால் இருந்து இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

புதிய படிவத்தின் நகல்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. ஏழும் எட்டும் அதில் இல்லை. தீர்மானத்தை எதிர்க்கிறவர்கள் தயங்காமல் எதிர்க்க வேண்டும். காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதி வைப்போம். அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. முதலில் கை உயர்த்தியிருக்கிற பெரியவர் பேசட்டும்.